மின்கட்டண பில் வாசித்த பையன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் தமிழ்ப்பள்ளிச் செய்திகளுக்கென்று விட்டிருந்த இரண்டு பக்கங்களையும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மொத்தம் பதினோரு படங்கள். ஏழில் ஆளுயர மாதிரிக் காசோலை. மூன்றில் வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்ப் பதக்கத்தோடு திரும்பிய பிள்ளைகள். மிச்சமிருந்த ஒன்றில் ஒரு பிரமுகர் ரிப்பன் வெட்டுகிறார். பிள்ளைகள் ஜெயித்தால் வயிறெரிகிற ஆள் இல்லை நான். நன்றாக வரட்டும். ஆனால் அந்தப் பக்கங்களில் இடமே கிடைக்காத ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்காரன். துறைமுகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பேரன் படித்தது பினாங்குத் தீவுக்கு எதிரே, இங்கே பெருநிலத்தில் இருக்கும் ஒரு சின்ன மிஷன் தமிழ்ப்பள்ளியில். பெயர் எழுதவில்லை. “ஐயா, எங்களைப் பேப்பரில் இழுத்துவிட்டுவிடாதீர்கள்” என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். ஆறு வகுப்புக்கும் சேர்த்து எழுபத்துச் சொச்சம் பிள்ளைகள். 150 பேருக்குக் கீழே இருந்தால் அரசாங்கக் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. எங்கள் பள்ளி அதிலும் பாதி.

“சிலுவை வைத்த பள்ளிக்கூடத்துக்கா பேரனை அனுப்புகிறீர்கள்?” என்று என் மைத்துனர் கேட்டார். அவரைப் போல நிறையப் பேர் நினைக்கிறார்கள், அதனால் ஒரு வார்த்தை. நிலம் தேவாலயத்துடையது, கட்டடம் தேவாலயத்துடையது. ஆசிரியர் சம்பளம், பாடநூல், பாடத்திட்டம் எல்லாம் கல்வி அமைச்சு. வேத வகுப்பு கால அட்டவணையில் கிடையாது. அந்தோணியும் ஆறுமுகமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நன்னெறிக்கல்விதான் படிக்கிறார்கள். ஆறு வருஷத்தில் என் பேரன் கற்றுக்கொண்ட கிறிஸ்தவச் சமாசாரம் இரண்டு கிறிஸ்மஸ் பாட்டு, அதுவும் பாடி முடித்தால் கேக் தருவார்கள் என்பதற்காக. என் வீட்டுக்காரி தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவள், ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னா கோயில் திருவிழாவுக்குப் போய் மெழுகுவர்த்தியும் ஏற்றி வைப்பவள். அவளுக்கு இதிலெல்லாம் குழப்பமே வந்ததில்லை.

இந்த நாட்டில் தமிழ் வகுப்பு தொடங்கிய கதையே ஒரு பாதிரியார் கதைதான். 1816இல் ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பினாங்கு பிரீ ஸ்கூலைத் தொடங்கினார். அங்கேதான் முதல் தமிழ் வகுப்பு நடந்தது. அதை வைத்துத்தானே 2016இல் மலேசியத் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு என்று ஊரெல்லாம் விழா எடுத்தோம்? நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த முதல் வகுப்பு நிலைக்கவில்லை என்பதை மேடையில் யாரும் அதிகம் பேசவில்லை. போதிய ஆதரவு இல்லாமல் கொஞ்ச காலத்திலேயே நின்று போயிற்று. பாதிரியார் இருந்தார், வகுப்பு இருந்தது, பின்னால் நிற்க ஆள் இல்லை.

பினாங்கில் பெரிய மிஷன் பள்ளிகளுக்கு அந்தக் கவலை வந்ததில்லை. லைட் ஸ்ட்ரீட் கான்வென்டும் செயின்ட் சேவியரும் 1852இல் வந்தவை. அங்கே படித்தவர்கள் டாக்டராகவும் வக்கீலாகவும் ஆனார்கள். பழைய மாணவர் சங்கம் ஒரு விருந்து வைத்தால் மண்டபத்துக்குக் கூரை வந்துவிடும். எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் யார்? லோரி ஓட்டுகிறவர், பிறை தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்ப்பவர், பாசாரில் தேங்காய் துருவித் தருபவர். கொடுக்க மனசு இல்லாதவர்கள் என்று சொல்லவே முடியாது. பள்ளிச் சுவருக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்றதும் ஞாயிற்றுக்கிழமை தூரிகையோடு வந்து நின்றது இவர்கள்தான்.

அரசாங்கம் பணம் தருவதில்லையா என்று கேட்பீர்கள். தருகிறது, தலைக்கு இவ்வளவு என்று. நானூறு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு அது தொகை. எழுபது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு அது சில்லறை. ஆனால் நகலெடுக்கும் இயந்திரம் கெட்டுப்போனால் பழுதுபார்க்க வருகிறவன் “சின்னப் பள்ளிதானே” என்று கூலியைக் குறைத்துக்கொள்வானா? கூரைத் தகடும் அப்படித்தான். நிலம் அரசாங்கத்துடையதாக இல்லாததால் கட்டடச் செலவு பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் தலையில் விழுகிறது. வாரியம் என்றால் பங்குத்தந்தையும் நான்கு பெரியவர்களும். அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை தோசை, மீ கோரெங் எல்லாம் விற்று அன்பளிப்பு விருந்து நடத்துகிறார்கள். பத்து வெள்ளி (ரிங்கிட்) டிக்கெட். அடுத்த முறை உங்களுக்கும் நான்கு அனுப்புகிறேன்.

இனி காசோலை விஷயம். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு கம்பெனிக்காரர் பரிசளிப்பு விழாவுக்கு வந்தார். ஐயாயிரம் வெள்ளி என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிய காசோலை, இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கிற அளவு. படம் எடுத்தார்கள், பேப்பரிலும் வந்தது. பணம் எட்டு மாதம் கழித்து வந்தது, அதுவும் பாதி. மீதி என்ன ஆயிற்று என்று கேட்கப் போன பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரிடம், “அதுதான் பேப்பரில் போட்டாகிவிட்டதே” என்றார்களாம். அந்த அட்டை இன்றைக்கும் பள்ளிக் கேண்டீனில் இருக்கிறது. அடுப்பில் காற்றுப் படாமல் இருக்கக் கேண்டீன் அக்கா மறைப்பாக வைத்திருக்கிறார். எண்ணெய் தெறித்துத் தெறித்து ஐயாயிரத்தில் ஒரு சைபர் மங்கிவிட்டது. இப்போதுதான் கணக்கு கொஞ்சம் உண்மையை நெருங்கி வருகிறது என்பார் அவர்.

சரி, நான் சொல்ல வந்தது சனிக்கிழமை வகுப்பு. தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம். காலை எட்டரைக்கு ஓய்வு பெற்ற ஒரு தாதி, பங்கு இளைஞர் குழுவில் இரண்டு பேர், நான். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு மலாய் சொல்லித் தருகிறோம். மலாய் வராமல் இடைநிலைப்பள்ளிக்குப் போனால் என்ன ஆகும் என்று என் மகன் காலத்திலேயே பார்த்தவன் நான். மலாய் தேறாத பிள்ளைகளை முதலில் உட்கார வைக்கும் ரிமூவ் வகுப்பில் ஒரு வருஷம், அப்புறம் கடைசி வரிசை, அப்புறம் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று மோட்டார் சைக்கிள்.

நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் வந்தான். புத்தகத்தைத் திறந்தாலே அவனுக்கு வயிறு வலிக்கும். நிஜமாகவே வலிக்கும், கழிவறைக்கு ஓடுவான். தாதியம்மா அவனைப் பார்த்துவிட்டு, “புத்தகத்தை மூடி வைங்க ஐயா” என்றார். அடுத்த சனிக்கிழமை ஒரு பிளாஸ்டிக் பையில் மைலோ டின், கொசுவத்திப் பெட்டி, சார்டின் டப்பா, ரொட்டி உறை எல்லாம் கொண்டு வந்தார். இதைப் படி என்று சொல்லவே இல்லை. “இந்த டின் கெட்டுப் போச்சா பாரு, தேதி எங்கே போட்டிருக்கு?” என்று மட்டும் கேட்டார். பையன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுத்தெழுத்தாகக் கூட்டினான். வயிறு வலிக்கவில்லை.

அப்படியே நான்கு மாதம் போயிற்று. ஒரு நாள் என் பையில் கிடந்த தெனாகா மின்கட்டண பில்லை எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்துக்கொண்டு மெதுவாக வந்தான். “சிலா... பாயார்... செபெலும்...” அதற்கு நேரே இருந்த தேதியையும் படித்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “ஐயா, தயவுசெய்து இந்தத் தேதிக்குள்ளே கட்டுங்கன்னு போட்டிருக்கு. நேத்தோட முடிஞ்சு போச்சு. உங்க வீட்டுல கரண்டு கட் பண்ணிடுவாங்க.” தாதியம்மா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. நான் அன்றே போய்க் கட்டினேன்.

இந்தப் பையனின் படம் எந்தப் பேப்பரில் வரும்? ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் பரீட்சை இருந்த காலத்தில் எட்டு ஏ வாங்கிய பிள்ளைகளின் பாஸ்போர்ட் படங்களை வரிசையாகப் போட்டீர்கள். அந்தப் பரீட்சை கடைசியாக நடந்தது 2019இல். மறு வருஷம் கோவிட், 2021இல் நிரந்தரமாகவே எடுத்துவிட்டார்கள். அத்தோடு ஏ எண்ணுகிற வழக்கம் ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன். அந்த இடத்துக்கு வெளிநாட்டுப் பதக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு பிள்ளை விமானம் ஏறிப் போட்டிக்குப் போய்வர ஆகும் செலவுக்கு அம்மா அப்பா எங்கே போவார்கள்? எங்கள் பள்ளியில் நன்கொடை திரட்டி ஒருமுறை இரண்டு பிள்ளைகளை அனுப்பினார்கள், வெள்ளிப் பதக்கமும் வந்தது. கைதட்டினேன். அதே பணத்தில் நூலகத்துக்குக் காற்றாடி வாங்கியிருக்கலாம் என்றும் தோன்றியது. இதை வெளியே சொன்னதற்கு என்னைத் தமிழ்ப்பள்ளி வளர்ச்சிக்கு எதிரி என்றார் ஒருவர். இருந்துவிட்டுப் போகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். மாதிரிக் காசோலைப் படம் எதைப் போட்டாலும், ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தில் ‘பணம் வந்தது’ அல்லது ‘இன்னும் வரவில்லை’ என்று ஒரு வரி போடுங்கள். ஒரு வரி போதும். கொடுக்கிற கை வேகமாக நீளும். இன்னொன்று, முதலாம் ஆண்டுப் பதிவு வரும்போது ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்று முழுப் பக்கம் எழுதுகிறீர்கள். அதில் அரைப் பக்கத்தைச் சின்னப் பள்ளிகளுக்குக் கொடுங்கள். நிருபரை அனுப்பினால் விழா நாளில் அனுப்ப வேண்டாம், சாதாரணச் செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள். வகுப்பில் பன்னிரண்டே பேர் இருப்பதால் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பசியாறிவிட்டு வந்தானா என்பதுவரை தெரிந்து வைத்திருக்கும் டீச்சர்களை அவர் பார்க்கட்டும். பிள்ளை வரவில்லை என்றால் வேன்காரரே வீட்டு வாசலில் இறங்கிக் கூப்பிடுவார். “பெரியம்மா, பையனுக்குக் காய்ச்சலா, இல்லே சும்மா தூக்கமா?” என்று அவர் போடும் சத்தத்தில் காய்ச்சலே ஓடிவிடும். அவரும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான்.

ஒரு விண்ணப்பம் வாசகர்களுக்கும். சனிக்கிழமை வகுப்பில் கணக்கு சொல்லித்தர எங்களிடம் ஆள் இல்லை. பின்னம் வந்தால் தாதியம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஒரு சின்னப் பள்ளி இருக்கும், அங்கே போய்க் கேளுங்கள். போகும்போது வீட்டில் கிடக்கும் பழைய பில்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருந்ததையெல்லாம் பையன்கள் படித்துத் தீர்த்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராணி,
பட்டர்வொர்த், பினாங்கு