ஆச்சு, ஆச்சி!

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஒருத்தி ஓடுகிறாள், அவளைத் துரத்திக்கொண்டு ஒருவன் ஓடுகிறான், அதனால் இரண்டும் தூங்கும் இந்த மத்தியான நேரத்தில் எழுதுகிறேன். உன் கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. ஹாஸ்டலில் இருமல் மருந்தை ஜன்னல் வழியாக ஊற்றியவள் நீ, எனக்கு எதுவும் மறக்கவில்லை. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தரையில் உட்கார முடிகிறது, எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

டிசம்பரில் பேரன் வருகிறான், ஐந்து வயது, போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை, இரண்டு வாரம் அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். டைஸ் வாங்கி வை. ஒன்றிரண்டு இல்லை, நாற்பது.

இங்கே மகள் வீட்டுக்கு வந்த புதிதில் நானும் உன்னைப் போலத்தான் தாயம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஊரிலிருந்து அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வந்திருந்தேன், சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் சோளமும் காயாக வைத்து, பெரியவளையும் சின்னவனையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு நாலு. பத்தே நிமிஷத்தில் சின்னவன் காயை வாயில் போட்டுக்கொண்டான், பெரியவள் ‘எப்ப ஆச்சி என் டர்ன்’ என்று பன்னிரண்டாவது தடவையாகக் கேட்டாள். யோசித்துப் பார், தாயம், அதாவது கூட்டினால் ஒன்று, விழுந்தால்தான் காயை இறக்க முடியும், நாலு பக்கக் கட்டை இரண்டில் அது விழ பதினாறில் இரண்டு வாய்ப்பு, அதாவது சராசரியாக எட்டு வீச்சுக்கு ஒருமுறை. நாலு பேர் ஆடினால் ஒரு பிள்ளை தன் முதல் காயை இறக்கவே அரை மணி ஆகும். லூடோவும் அதே கதைதான், பத்து முறை போட்டும் ஒரு ஆறு கூட விழாமல் போக நூற்றுக்கு 16 வாய்ப்பு இருக்கிறது, அந்தப் பதினாறில் எங்கள் சின்னவன் எப்போதும் இருப்பான். நாமெல்லாம் திண்ணையில் எப்படிக் காத்திருந்தோம் என்று கேட்காதே. நமக்கு வேறு போக்கிடம் இல்லை, அவ்வளவுதான். அதிலும் என் அண்ணன், முக்கால் தூரம் போன தன் காயை யாராவது வெட்டிவிட்டால் கட்டத்தையே காலால் அழித்துவிட்டு எழுந்து போவான். இரண்டு மணி நேரம் ஆடித் தோற்றால் யாருக்குத்தான் கோபம் வராது.

அப்போதுதான் மாப்பிள்ளை இந்த விளையாட்டைச் சொன்னார். டென்சி என்று பெட்டியாக விற்கிறார்கள், நாலு நிறத்தில் பத்துப் பத்து டைஸ். நாங்கள் பெட்டி வாங்கவில்லை, ஆன்லைனில் சில்லறையாக வரவழைத்தோம். விதி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆளுக்குப் பத்து டைஸ். ‘ரெடி’ என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் உருட்ட வேண்டும், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு அது விழுந்த டைஸை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைத் திரும்ப உருட்டி, மறுபடி ஒதுக்கி, மறுபடி உருட்டி, பத்தும் ஒரே எண்ணாக வந்ததும் கத்த வேண்டும். எங்கள் வீட்டில் ‘ஆச்சு!’ என்று கத்துவதாக வைத்தோம். அது இரண்டே நாளில் ‘ஆச்சு ஆச்சி!’ ஆகிவிட்டது, இப்போது நான் ஜெயித்தாலும் என் பேரையே நான் கத்துகிற மாதிரி இருக்கிறது.

ஒரு ஆட்டம் ஒன்றிரண்டு நிமிஷம்தான். அரை மணியில் பதினைந்து ஆட்டம் முடிந்துவிடும். தோற்ற பிள்ளை உதட்டைப் பிதுக்குவதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது, பிதுக்கின உதட்டோடேயே உருட்டுகிறான். எத்தனை தடவை தோற்றோம் என்று ராத்திரி சாப்பாட்டில் யாருக்கும் நினைவில்லை. பெரியவள் முதலில் தம்பியைத் ‘தோத்தாங்கோளி’ என்று ஆரம்பித்தாள், அடுத்த நிமிஷமே அவன் ஜெயித்ததும் அந்த வார்த்தை தானாகவே வீட்டை விட்டுப் போய்விட்டது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. கேரம், செஸ் எதை ஆடினாலும் குழந்தைகளிடம் நாம் தோற்பது போல் நடிக்க வேண்டும், அதை அவர்கள் கண்டுபிடித்தும்விடுவார்கள், பெரியவளுக்கு அப்படி விட்டுக்கொடுத்தால் கெட்ட கோபம் வரும். இதில் நான் உண்மையாகவே தோற்கிறேன். வேர்த்து விறுவிறுத்து, முழு மனசோடு ஆடித் தோற்கிறேன்.

ஆனால் ஆரம்பத்தில் அப்படி இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கேஷ் கவுண்டரில் நோட்டு எண்ணின கை இல்லையா, பொறுக்குவதிலும் ஒதுக்குவதிலும் அதுகளால் என்னோடு போட்டி போட முடியவில்லை. முதல் நாள் ஒன்பது ஆட்டத்தில் எட்டு எனக்கு. சரி, சின்னவனுக்கு ஐந்து டைஸ் மட்டும் கொடுத்தால் பாதி நேரத்தில் முடித்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். முடிக்கவில்லை. ராத்திரி காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன் வசந்தா, நம் புள்ளியியல் மிஸ் பார்த்திருந்தால் கண்ணீரே விட்டிருப்பார்கள். எண்ணை முதலிலேயே முடிவு செய்துகொண்டு ஆடினால் பத்து டைஸுக்குச் சராசரியாக 16.5 வீச்சு ஆகிறது. ஐந்து டைஸுக்கு 13! மூன்றே மூன்றுக்குக் கூட 10.5. ஒற்றை டைஸுக்கு ஆறு. பாதியைக் குறைத்தால் மூன்றரை வீச்சுதான் மிச்சம். ஏன் என்று உனக்கே புரியும், முதல் ஏழெட்டு டைஸ் மளமளவென்று ஒதுங்கிவிடும், கடைசி ஒன்றுதான் உயிரை வாங்கும், அது ஐந்து டைஸ்காரனுக்கும் உண்டு, பத்து டைஸ்காரிக்கும் உண்டு. அந்தக் கடைசி டைஸோடு சின்னவன் பேசுவான். ‘வா ராசா, வா ராசா, ஒத்தக்கண்ணு வா’ என்று உள்ளங்கையில் மூடி ஊதி ஊதிப் போடுவான். அதற்குள் நான் மூன்று தடவை உருட்டியிருப்பேன்.

தீர்வைப் பெரியவள்தான் சொன்னாள். ஆச்சி இடது கையால்தான் ஆட வேண்டும், ஒவ்வொரு வீச்சுக்கு முன்னும் மூக்கைத் தொட வேண்டும். இப்போது ஏறக்குறையச் சமமாக ஓடுகிறது. எதிர் வீட்டுப் பையன் ஒருநாள் வந்து, நான் இடது கையால் மூக்கைத் தொட்டுத் தொட்டு டைஸ் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, ‘பாட்டிக்கு என்ன ஆச்சு’ என்று கேட்டான். எதற்கு என்று தெரியாமலே இரண்டு பேரும் அவனைப் பார்த்து ‘ஆச்சு ஆச்சி!’ என்று கத்தினார்கள்.

‘ஒத்தக்கண்ணு’ என்று எழுதினேன் அல்லவா, அது சின்னவன் வைத்த பெயர். ஒன்று ஒத்தக்கண்ணு, ஐந்து நடுப்பொட்டு, ஆறு தண்டவாளம். நாலு வயசில் அவனுக்குப் பத்து வரை ஒழுங்காக எண்ணத் தெரியாது, ஏழுக்குப் பிறகு ஒன்பதுக்குத் தாவிவிடுவான். ஆனால் நாலு பேர் டைஸும் கலந்து கிடக்கிற குவியலில் தண்டவாளத்தை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணாமல் பார்த்த பார்வையிலேயே கொத்தி எடுக்கிறான். பெரியவளுக்கு இன்னொன்று சொல்லிக்கொடுத்தேன், டைஸின் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் ஏழு. மேலே இரண்டு என்றால் அடியில் ஐந்து. இதை வைத்துக்கொண்டு அவள் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் ‘அடியில் என்ன எண் சொல்லட்டுமா’ என்று மந்திரவாதி வேலை காட்டுகிறாள். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் அசந்தே போய்விட்டார்.

போங்கு ஆட்டமும் உண்டு, மறைப்பானேன். சின்னவன் சுண்டுவிரலால் டைஸை நைசாகப் புரட்டிவிடுவான். பெரியவள் உடனே ‘ஆச்சி, இவன் அழுகுணி’ என்று கூப்பாடு. நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன், ஏனென்றால் ஆறாக்க வேண்டும் என்றால் எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறதே, அதுவும் படிப்புதானே என்று எனக்கு நானே ஒரு சமாதானம். ஐந்து வயதானதும் கண்டிப்பேன்.

சாயங்காலம் பெரியவளோடு மட்டும் இன்னொரு ஆட்டம், ஒரே டைஸ்தான். மேல்நாட்டில் இதற்குப் ‘பன்றி’ என்று பெயராம், நாங்கள் ‘பேராசை’ என்கிறோம். உன் முறையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் உருட்டலாம், விழுவதைக் கூட்டிக்கொண்டே போகலாம், எப்போது வேண்டுமானாலும் ‘போதும்’ என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று விழுந்தால் அந்த முறையில் சேர்த்ததெல்லாம் போச்சு. நூறு வரை ஆட வேண்டியது, நாங்கள் 50-ஓடு நிறுத்திக்கொள்கிறோம். எங்கே ‘போதும்’ சொல்வது என்பதையும் போட்டுப் பார்த்தேன். கையில் 20 சேர்ந்திருக்கும்போது அடுத்த வீச்சில் வரவும் இழப்பும் சராசரியில் சரிக்குச் சரி, அதற்கு மேல் போனால் நஷ்டக் கணக்கு. பெரியவள் ஆறு சேர்ந்ததுமே ‘போதும்’ என்று எழுதி வைத்துக்கொள்வாள், அவள் அம்மாவின் வாரிசு. சின்னவன் ஒருநாள் நடுவில் புகுந்து, நிறுத்தவே தெரியாமல் உருட்டி உருட்டி ஒரே மூச்சில் 50 தாண்டிவிட்டான். அன்று முழுக்க அக்கா அவனோடு பேசவில்லை.

சம்பந்தியம்மா வந்திருந்தபோது இதெல்லாம் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். பிள்ளைகள் கையில் பகடையா, தருமர் நாட்டைத் தோற்ற கதை தெரியாதா என்று. வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி முழுக்கப் பரமபதம் ஆடுகிறோமே என்றேன், அது கண்விழிக்க என்றார்கள். கீழடியில் தோண்டினபோது யானைத் தந்தத்தில் செய்த பகடை கிடைத்தது, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக நம்மாட்கள் உருட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது, சம்பந்தி ஆயிற்றே, முழுங்கிவிட்டேன். மூன்றாம் நாள் அவர்களே ‘எனக்கும் பத்து கொடுங்கோ’ என்று வந்து உட்கார்ந்தார்கள். வலது கை, மூக்கைத் தொட வேண்டாம். அன்று அவர்கள்தான் அதிகம் ஜெயித்தது.

நீ செய்ய வேண்டிய ஏற்பாட்டைச் சொல்கிறேன். டைல்ஸ் தரையில் உருட்டாதே, நாற்பது டைஸ் ஒரே நேரத்தில் விழுந்தால் கல்மழை மாதிரி இருக்கும், கீழ் வீட்டுக்காரர் எங்களிடம் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். நான் முதலில் தாம்பாளத்தில் உருட்டச் சொன்னேன், அது இன்னும் மோசம். இப்போது ஆளுக்கு ஒரு முறம், அதில் பழைய துண்டு ஒன்றை மடித்து விரித்திருக்கிறேன். முறத்துக்கு மூன்று பக்கம் விளிம்பு இருக்கிறதல்லவா, திறந்த பக்கம் உன்னைப் பார்த்து இருக்கட்டும், டைஸ் ஓடாது, சத்தமும் வராது. அடுத்த வீட்டிலிருந்து தவழுகிற குழந்தை வருமென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடு. டாய்லெட் பேப்பர் சுற்றி வருகிற அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதையும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது, டைஸ் தாராளமாக நுழையும். சோளத்தை வாயில் போட்டவன் எங்கள் வீட்டிலேயே இருப்பதால் சொல்கிறேன்.

பிறகு, தினமும் ராத்திரி எண்ணி எடுத்து வை. நான் பழைய பழக்கத்தில் கேஷ் க்ளோசிங் மாதிரி பத்துப் பத்தாக அடுக்கித்தான் டப்பாவில் போடுகிறேன். ஒருநாள் மாப்பிள்ளையின் ஷூவிலிருந்து ஒன்று வந்தது, ஒன்று துவரம்பருப்பு டப்பாவில் இருந்தது. நேற்று எண்ணினால் 39. ஃப்ரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று, சோபாவைக் கவிழ்த்தாயிற்று, சின்னவனிடம் கேட்டால் ‘ஒத்தக்கண்ணு தூங்குது’ என்கிறான், எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். சர்வீஸில் ஒருநாள் கூட எனக்கு ஷார்ட் வந்ததில்லை, இங்கே வந்து வந்திருக்கிறது.

எழுந்துவிட்டார்கள், முறம் இழுபடுகிற சத்தம் கேட்கிறது. பேரன் வரும் தேதியை எழுது.

அன்புடன்,
சரோஜா