விடுபட்ட 25 எழுத்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரபணுத் தரவைக் கணினி அலசி, வரப்போகும் நோயை முன்னமே சொல்லிவிடும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. மதுரையில் 14 வருடமாக நான் செய்வது அந்த வேலையைத்தான். கட்டுரை சொல்லும் அளவுக்கு என் கணினிக்குச் சாமர்த்தியம் கிடையாது.

போன வருடம் என் அண்ணன் ஒரு தனியார் நிறுவனத்தில் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டார். வயது 46. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, இதயத் தசை நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்று அறிக்கையில் சிவப்பு மையில் இருந்தது. அன்றோடு மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டார். அம்மா பழநிக்கு மொட்டை நேர்ந்துகொண்டார். ராத்திரி 11 மணிக்கு எனக்கு போன்: "நீ இதைத்தானே படிச்சிருக்கே, எத்தனை நாள் இருப்பேன் சொல்லு."

இந்த 25 எழுத்தின் கதை எங்கள் துறையில் பிரபலம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் ஹைதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தினரும் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு அது. இந்தியர்களில் 100-க்கு 4 பேரிடம் இந்த விடுபடல் உண்டு, இதய நோயாளிகளிடம் இன்னும் அதிகம் என்றார்கள். பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் 2020-ல் வந்த இன்னொரு ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அதே மரபணுவில், சிலரிடம் மட்டும், இந்த விடுபடலோடு ஒட்டிக்கொண்டே இன்னொரு ஒற்றை எழுத்து மாற்றமும் பரம்பரையாக வருகிறது. ஆபத்தில் பெரும்பங்கு அந்தக் கூட்டாளியுடையது.

அண்ணனுக்குக் கூட்டாளி உண்டா என்று பார்க்க நிறுவனத்திடம் மூலத் தரவைக் கேட்டேன். 20 நாள் இழுத்தடித்துக் கொடுத்தார்கள். அந்த இடத்தை அவர்கள் படிக்கவே இல்லை! செலவு குறைய, புரதத்துக்கான பகுதிகளையும் அவற்றின் ஓரங்களையும் மட்டும் படிப்பது வழக்கம். இது விளிம்பிலிருந்து 52 எழுத்து தள்ளி இருக்கிறது. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சரி என்று வேறு ஆய்வகத்துக்கு ரத்தம் அனுப்பினோம். கூட்டாளி இல்லை என்று வந்தது. எக்கோ என்ற இதய ஸ்கேனிலும் இதயச் சுவரின் தடிமன் சரியாகவே இருந்தது. (தங்கை என்பதால் அந்த 25 எழுத்து எனக்கும் விடுபட்டிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை.)

2020-ல் உண்மை தெரிந்தது கணினி புத்திசாலியானதால் அல்ல. நோய் இதுதான் என்று தெளிவாகக் கண்டறியப்பட்ட தெற்காசிய நோயாளிகளின் தரவு கைக்கு வந்ததால். மனித டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து. ஒப்பிட வைத்திருக்கும் மாதிரிப் பிரதியிலிருந்து நாம் ஒவ்வொருவரும் 40, 50 லட்சம் இடங்களில் மாறுபடுகிறோம். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று சொல்லாமல் கணினியைத் தேடச் சொல்வது, எந்த வீட்டில் திருட்டு என்று சொல்லாமலே திருடனைப் பிடிக்கச் சொல்வது போல.

அந்த விவரமும் சரியாக வருவதில்லை. என் மேஜைக்கு வரும் படிவங்களில் 'குடும்பத்தில் இதய நோய் உண்டா?' என்ற கட்டத்தில் வரிசையாக 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. கூட்ட நெரிசலில் யார் உட்கார்ந்து கேட்பது? எழுதுகிறவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அப்புறம் எக்செல் வேறு. 'மார்ச்1' என்ற மரபணுப் பெயரைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் அந்த மரபணுவுக்கே பெயரை மாற்றிவிட்டார்கள். மென்பொருளோடு மல்லுக்கட்ட முடியவில்லை போலிருக்கிறது.

நம்பிக்கை இல்லாமல் இல்லை. இந்தியர்களின் டிஎன்ஏவைப் படிக்கும் ஜீனோம் இந்தியா என்ற அரசுத் திட்டத்தில் சேகரித்த 10,000 பேரின் தரவு ஃபரிதாபாத்தில் இருக்கிறது. 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். முன்பெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவோடுதான் ஒப்பிடுவோம். அவர்களிடம் இல்லாதது எல்லாம் சந்தேகத்துக்குரியதாகத் தெரியும். நம் ஊரில் சாதாரணமாக இருக்கும் மாற்றத்துக்கு வீண்பழி விழுவது இனிக் குறையும்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், பரிசோதனையில் எந்தப் பகுதிகளைப் படிக்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டு அதையும் போடுங்கள்.

அண்ணன் இப்போது படி ஏறுகிறார். அம்மாதான் மொட்டையை விடுவதாக இல்லை. தை மாதம் பழநி போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை