ஸ்டார் ஸ்டிக்கர் இல்லாத ஃபேனை கடையிலயே பிடிக்கணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

திண்டுக்கல் பக்கம் ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், கீசர் விக்கிற சின்ன கடை நம்மளது. வெயில் ஆரம்பிச்சா ஃபேன் யாவாரம்தான், அதனால அதுக்கு முன்னாடியே இதை எழுதிடணும்னு தோணுச்சு.

2023 ஜனவரி 1-லேர்ந்து சீலிங் ஃபேனுக்கு, கரண்ட் எவ்வளவு சிக்கனம்னு காட்டுற ஸ்டார் லேபிள் கட்டாயம். தயாரிக்கிற கம்பெனி ஆனாலும் சரி, வெளிநாட்டுலேர்ந்து இறக்குமதி பண்றவங்க ஆனாலும் சரி, ஒவ்வொரு மாடலையும் அங்கீகாரம் உள்ள லேப்ல டெஸ்ட் பண்ணி, இந்த லேபிளை குடுக்கிற மத்திய அரசு அமைப்பான பிஇஇல பதிவு பண்ணணும், அப்புறம்தான் ஸ்டிக்கர் ஒட்டி சரக்கை வெளிய விடணும். 2023-ல வந்த கணக்குப்படி, 48 இஞ்ச் ஃபேன்னு நாம சொல்ற 1200 எம்எம் ஃபேன் ஒரு வாட்டுக்கு நிமிஷத்துக்கு 4 கன மீட்டர் காத்தாவது தந்தாதான் ஒரு ஸ்டார், 6 தந்தா 5 ஸ்டார். அதாவது நிமிஷத்துக்கு 210 கன மீட்டர் காத்து தள்ற ஃபேன் 35 வாட்டுக்குள்ள ஓடுனா 5 ஸ்டார், 52 வாட் தாண்டுனா ஒரு ஸ்டார்கூட தேறாது. பழைய 75 வாட் ஃபேனுக்கு இந்த கணக்குல இடமே இல்ல.

ஆனா அந்த 75 வாட் ஃபேன் இன்னும் வித்துக்கிட்டுதான் இருக்கு ஐயா. அட்டைப்பெட்டியில கம்பெனி அட்ரஸ் இருக்காது, பில் கேட்டா துண்டுச் சீட்டு, சிலதுல ஸ்டார் மாதிரி படம் மட்டும் போட்டிருப்பாங்க, மாடல் நம்பர், எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைக்கும் லேபிள் செல்லும்ங்கிறது எதுவும் கிடையாது. லேபிள் உள்ள சரக்கை மட்டும் வாங்கி ஜிஎஸ்டி பில் போட்டு விக்கிற கடைக்காரன் கிட்ட வந்து கஸ்டமர் "அங்க கம்மியா தர்றாங்களே அண்ணே"ன்னு கேக்குறாங்க, அவங்க மேல தப்பில்ல, கையில இருக்கிற காசுக்குத்தானே வாங்க முடியும்.

ஆனா மிச்சமான காசு எங்க போகுதுன்னு கணக்கு போட்டு பாருங்க. 75 வாட் ஃபேனுக்கும் கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்ச 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கும் 45 வாட் வித்தியாசம், ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 40 யூனிட் வரும், இது ஒரே ஒரு ஃபேனுக்கு. மூணு ஃபேன் ஓடுற வீட்டுல 120 யூனிட். அரசாங்கம் இலவசமா தர்ற 100 யூனிட்டை இந்த வெட்டிச் செலவே முழுங்கிடுது. அதோட ரெண்டு மாசத்துல 500 யூனிட் தாண்டிட்டா முன்னாடி யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறுது, 490-ல நின்னிருக்க வேண்டிய வீடு ஃபேனாலயே அந்தக் கோட்டை தாண்டிடுது.

இதுல எனக்கு ரொம்ப வருத்தம் வாடகை வீட்டுக்காரங்களை நினைச்சாதான். லைன் வீடு கட்டுறவங்க, ஹாஸ்டல் நடத்துறவங்க மொத்தமா வாங்க வரும்போது கேக்குறது விலை ஒண்ணுதான், ஏன்னா கரண்ட் பில் கட்டப்போறது அவங்க இல்ல. குடியிருக்கிறவங்க ஃபேனை மாத்தவும் முடியாது, பில்லை குறைக்கவும் முடியாது. அப்படிப்பட்டவங்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு மட்டமான ஃபேன் கடைக்கே வராம இருக்கிறதுதான், சட்டம் போட்டதே அதுக்குத்தான்.

சட்டத்துல குறை சொல்ல முடியாது. 2001 எரிசக்தி சேமிப்புச் சட்டப்படி தரம் இல்லாததை தயாரிக்கிறது, இறக்குமதி பண்றது, விக்கிறது மூணுமே தடை, 2022-ல திருத்தம் கொண்டுவந்து 10 லட்சம் வரைக்கும் அபராதம்னு வச்சாங்க, சோதனை போட ஆபீசர்களை நியமிக்கிற அதிகாரம் மாநில அரசு இதுக்குன்னு குறிச்சிருக்கிற அமைப்பு கையில இருக்கு. அந்த அதிகாரத்தை கடைத்தெருவுல காட்டணும்னுதான் கேக்குறேன். எடை போடுற தராசுக்கு முத்திரை இருக்கான்னு பாக்க ஆள் வர்ற மாதிரி ஃபேன் பெட்டியில லேபிள் இருக்கான்னு பாக்கவும் சீசன் ஆரம்பத்துல ஆள் வரட்டும், என் கடையிலேர்ந்தே ஆரம்பிக்கட்டும். ஆனா சில்லறைக் கடைக்காரனை மட்டும் பிடிச்சுட்டு விட்டுடக்கூடாது, அந்த சரக்கு எந்த குடோன்லேர்ந்து வந்துச்சு, இறக்குமதி பண்ணது யாருன்னு பில்லை பிடிச்சு மேல வரைக்கும் போகணும். ஆன்லைன்ல விக்கிறவங்களும் இதுல சேர்த்திதான், படத்துல லேபிள் தெளிவா தெரியலன்னா அந்த ஃபேனை விக்கவே விடக்கூடாது.

ஏசி வாங்கப்போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. லேபிள்ல போட்டிருக்கிற வருஷ யூனிட் 1600 மணி நேரத்துக்கு போட்ட கணக்கு, ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம்கூட வராது. ராத்திரி முழுக்க வருஷம் பூரா ஓட்டுறவங்க அதை ரெண்டு மடங்கா எடுத்துக்கணும்.

கடைசியா உங்க பத்திரிகைகிட்ட ஒரு வேண்டுகோள். லேபிள் ஒட்டுன மாடலை பிஇஇ மார்க்கெட்லேர்ந்து எடுத்து திரும்ப டெஸ்ட் பண்ணும், ரெண்டாவது தடவையும் ஃபெயில் ஆனா பிராண்டு, மாடல் பேரை பேப்பர்ல வெளியிட விதியிலயே இடம் இருக்கு. அப்படி வர்ற பேர்களை தமிழ்ல, ஜனங்க கண்ணுல படுற பக்கத்துல போடுங்க. பிஇஇ ஸ்டார் லேபிள்னு ஒரு ஆப் இருக்கு, மாடல் நம்பரை தேடி ஸ்டார் நிஜமான்னு கடையில நின்னே பாத்துக்கலாம், அதையும் கூடவே போட்டீங்கன்னா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
வீட்டு உபயோகப் பொருள் கடைக்காரர்,
திண்டுக்கல்