சபைக் குழுக்களில் சுற்றும் சதிக்கதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரித் திருச்சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் காலை வேத வசனத்தோடு சதிக்கதைகளும் வந்து சேருகின்றன. இவற்றை நம்புவதும் விசுவாசத்தின் ஒரு பகுதியே என்று பலர் எண்ணுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

2021-இல் கொரோனா தடுப்பூசி போடப்பட்டபோது, ஊசி வழியாகச் 'சிப்' செலுத்துகிறார்கள், அதுவே வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரம் கூறும், கடவுளை எதிர்க்கும் மிருகத்தின் முத்திரை என்ற காணொளி இங்கும் சுற்றியது. ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்ற வயதான அம்மா ஒருவர், ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டிக்கொள்ளும் படத்தைக் கைபேசியில் காட்டி, "இதைப் போட்டுக்கொண்டால் பரலோகம் போக முடியாதாமே?" என்று கேட்டார். அவர் குரலில் பிடிவாதம் இல்லை, பயமே இருந்தது. இத்தனைக்கும் அவர் வாழும் குன்னூரில்தான் 1907 முதல், தடுப்பு மருந்து தயாரிக்கும் பாஸ்டியர் நிலையம் இயங்குகிறது. வெறிநாய்க்கடிக்கும் குழந்தைகளுக்கான முத்தடுப்புக்கும் அங்கே தயாரான மருந்தைப் பல தலைமுறைகள் போட்டுக்கொண்டிருக்கின்றன.

அந்த வேதபகுதியைத் தொடர்ந்து வாசித்தால், முத்திரை என்பது மிருகத்தை வணங்குவதோடு பிணைக்கப்பட்டிருப்பது விளங்கும். 14-ஆம் அதிகாரமும் மிருகத்தை வணங்கி முத்திரையைத் தரித்துக்கொள்கிறவனையே எச்சரிக்கிறது. நோய்க்குப் போடும் ஊசி எப்படி வணக்கமாகும்? பார்கோடு வந்தபோதும் ஆதார் வந்தபோதும் இதே பயம் கிளப்பப்பட்டது. கிளப்பியவர்கள் பின்னர் வந்து திருத்திச் சொன்னதாக நான் கேட்டதில்லை. 1776-இல் பவேரியாவில் தொடங்கிச் சுமார் பத்தாண்டுகளில் அரசுத் தடையால் ஒடுங்கிப்போன இல்லுமினாட்டி என்ற இரகசியச் சங்கம், இன்றும் உலகையே ஆட்டிவைப்பதாக நம் வாலிபர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

சதியே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. இயேசுவின் கல்லறைக் காவலருக்குப் பணம் கொடுத்துப் பொய் சொல்லவைத்ததை மத்தேயு 28-ஆம் அதிகாரமே கூறுகிறது. ஆனால் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், சொல்லச் சொன்ன பொய் என்ன என்பதெல்லாம் அங்கே தெளிவாக இருக்கிறது. பெயரும் ஆதாரமும் இல்லாத பழியைப் பிறர்மேல் சுமத்தி நூறு பேருக்கு அனுப்புவது, பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை மீறுவதே ஆகும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான வரும் அட்வெண்ட் காலத்தில், கிறிஸ்துவின் வருகையைப் பற்றிப் பேசும்போதே, வெளிப்படுத்தின விசேஷத்தை முறையாக விளக்கும் வகுப்புகளை ஆயர்கள் ஒவ்வொரு சபையிலும் நடத்த வேண்டும் என்றும், சபையில் இருக்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் அவற்றில் பேச அழைக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருச்சபை அங்கத்தினர் ஒருவர்,
குன்னூர்.