மாத்திரைக்கு முன் புகைபோக்கி: மதுரை நகைப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ஆவணி மூல வீதியிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் நகைப் பட்டறை நடத்தும் உரிமையாளர்களுக்கும், பொற்கொல்லர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தொழிலாளர்களுக்கான மருத்துவ முகாமில் வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரைகளை இலவசமாக வழங்கலாம் என்ற யோசனை உங்களிடையே பேசப்படுவதாக அறிந்தேன். திருமணமாகிப் பல ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாதவர்கள் பட்டறைகளில் இருப்பதும், உலோகப் புகை விந்தணுக்களைக் கெடுக்கும் என்ற பேச்சு பரவியிருப்பதும் இதற்குக் காரணம் என்கிறார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். ஆயினும் அந்தப் பணம் முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் மருந்துக்கடை அன்று என்பதை, விந்துப் பரிசோதனை செய்யும் ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நகைத் துண்டுகளை ஒட்டப் பயன்படும் கேடிஎம் பற்றவைப்புப் பொடியில் இருப்பது கேட்மியம் என்ற உலோகம். அது 321 டிகிரி செல்சியஸில் உருகி 767 டிகிரியில் கொதித்துவிடும். பொடி வைத்து ஊதும் சுடரின் வெப்பமோ இதைவிட அதிகம். எனவே அதில் ஒரு பகுதி கண்ணுக்கு எளிதில் தெரியாத புகையாக எழுந்து, குனிந்து வேலை செய்பவரின் மூக்கிற்கே நேராகச் செல்கிறது. கேடிஎம் நகையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்பதில்லை என்பதால் இது முடிந்துபோன கதை என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். ஆனால் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சங்கிலியும் வளையலும் பழுதுபார்க்கவும் உருக்கவும் இன்றும் பட்டறைக்கு வருகின்றன. அவற்றை மூசையில் இடும்போது பழைய கேட்மியமும் புகையாகிறது. சுடர் அலையக்கூடாது, பொன் துகள் பறக்கக்கூடாது என்பதற்காக மின்விசிறியை நிறுத்திச் சன்னலைச் சாத்துவது தொழிலின் தேவை என்பதை மறுக்கமாட்டேன். பொன்னைக் காக்கும் அந்த அடைப்பு புகையையும் சேர்த்தே காக்கிறது.

இந்த உலோகம் உடலுக்குள் செய்வது என்ன? துத்தநாகம் இருக்கவேண்டிய இடங்களில் கேட்மியம் போய் அமர்கிறது. உயிரணுக்களின் தற்காப்புப் பொருளான குளூட்டாதயோனைக் குறைக்கிறது. இதனால் ஆக்சிஜனேற்றச் சேதம் பெருகுகிறது. விந்தணுவின் மேலுறையில் எளிதில் கெடக்கூடிய கொழுப்பு அமிலங்கள் மிகுதி. சேதத்தைச் சரிசெய்யும் நொதிகளைத் தாங்கும் உயிரணுவின் உட்திரவமான சைட்டோபிளாசமோ அதனிடம் மிகக் குறைவு. வைட்டமின் ஈ அந்த மேலுறையைக் காக்கிறது. செலவழிந்த வைட்டமின் ஈயை வைட்டமின் சி மீட்டுக் கொடுக்கிறது. விந்துத் திரவத்தில் வைட்டமின் சி இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு செறிந்திருப்பது இதற்காகத்தான் போலும்.

கேட்மியம் எலிகளின் விந்தகத்தைச் சிதைப்பதை 1956இலேயே பாரிசெக் என்ற செக் ஆய்வாளர் காட்டினார். ஈயமோ கேட்மியமோ ஏற்றிய எலிகளுக்கு இந்த வைட்டமின்களைக் கொடுத்தபோது சேதம் குறைந்ததாகப் பிற்காலத்தில் பல ஆய்வுகள் வந்தன. மாத்திரை யோசனை நிற்பது இந்த அடித்தளத்தில்தான். ஆனால் எலிக்குச் சில வாரங்கள்தான் உலோகம் செல்கிறது. உங்கள் தொழிலாளி ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கிறார். மனிதர்களில் கேட்மியமும் விந்தணுவும் பற்றிய முடிவுகள் ஒரே மாதிரியாக இல்லை. சிறுநீரகத்தையும் நுரையீரலையும் அது கெடுப்பதில் மட்டும் ஐயமில்லை. குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு வந்த ஆண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2020இல் வெளியான இரு சோதனைகளில், ஒன்றில் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும், மற்றொன்றில் வைட்டமின் சி, ஈ உள்ளிட்ட கலவையும் கொடுத்தும் விந்தணுத் தரம் உயரவில்லை. அவர்கள் உலோகப் பட்டறைத் தொழிலாளர்கள் அல்லர் என்பது உண்மைதான். எனினும் புகை தொடரும்போது மாத்திரை கைகொடுக்கும் என்பதற்கு அதிலிருந்து ஆதரவு எதுவும் கிடைக்கவில்லை. சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டுகள் தங்கும் கேட்மியத்தை வைட்டமின் வெளியேற்றுவதும் இல்லை.

வைட்டமின் ஈயை அதிக அளவில் நாள்தோறும் விழுங்குவது தீங்கற்றதும் அன்று. நாள் ஒன்றுக்கு 400 பன்னாட்டு அலகு (IU) உட்கொண்ட ஆண்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, நிலக்கடலை ஆகியவை நம் சந்தையில் மலிவாகவே கிடைக்கின்றன. அவற்றைத் தாராளமாகச் சாப்பிடச் சொல்லுங்கள், ஆனால் பட்டறைக்கு வெளியே, கைகழுவிய பின். பீடி, சிகரெட் பிடிப்பவருக்குப் புகையிலை வழியாகவும் கேட்மியம் சேர்கிறது என்பதைச் சொல்லவும் மறவாதீர்கள்.

நான் கேட்பது, சுடருக்கு அருகிலேயே புகையை இழுத்து வெளியேற்றும் உறிஞ்சு குழாய். சுடரை அலைக்காத அளவுக்கு இழுப்பின் வேகத்தைச் சரிசெய்யலாம். வடிகட்டி வைத்தால் பொன் துகளும் வீணாகாது. ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் கேட்மியம் இருக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. அத்தனை நுண்ணிய புகையைத் துணி முகக்கவசம் தடுக்காது. முகாமில் மாத்திரைக்குப் பதிலாகச் சிறுநீரில் கேட்மியம் அளக்கும் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாட்கள் ஆவதால், புகைபோக்கி வைத்து மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்தால்தான் மாற்றம் உண்டா என்று பார்க்க முடியும்.

எங்கள் தரப்பிலும் ஒரு குறை உண்டு. ஆய்வகப் படிவங்களில் வயது கேட்கிறோம், எத்தனை நாள் உறவின்றி இருந்தார் என்று கேட்கிறோம். என்ன வேலை செய்கிறார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. ஆகவே உங்கள் தொழிலாளர்கள் பரிசோதனைக்கு வரும்போது, கேட்காவிட்டாலும் தம் தொழிலையும் எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுமாறு முகாமிலேயே எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மதுரையைச் சேர்ந்த ஓர் ஆய்வகப் பணியாளர்