உன் தம்பி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன்

அன்புள்ள தோஸ்து,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உன் தம்பி, மீதி அரைப் பக்கம் ஓசூர் குளிர். குளிர் என்று நீ எழுதினதை வாசிக்கவே வயிற்றெரிச்சலாக இருக்கிறது, இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15ல் ஆரம்பித்தது, ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, காசிமேட்டில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறவர்களும் பெயின்ட் அடிக்கிறவர்களுமாகத்தான் இருக்கிறார்கள். ஃபைபர் படகில் வருகிற கொஞ்சநஞ்ச மீனுக்கும் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன், வீட்டில் வாரம் முழுக்க முட்டைக் குழம்பு. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பேத்தி எல்கேஜி போகப்போகிறாள்.

சரி, கொருக்குப்பேட்டை வீட்டு வாடகைப் பங்குக்காக உனக்கும் உன் தம்பிக்கும் முறிந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். "நான் எவ்வளவோ பொறுமையாகப் பேசினேன், ஒரு கெட்ட வார்த்தை வாயில் வரவில்லை, அப்படியும் அவன் முறித்துக்கொண்டான், இதற்கு மேல் ஒரு கிறிஸ்தவன் என்ன செய்ய முடியும்" என்று கேட்டிருக்கிறாய். நேராகவே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

கெட்ட வார்த்தை வராதது பெரிய விஷயம் இல்லையடா. நீ ஓசூர் போய் அதை மறந்துவிட்டாயா? அண்ணா நகரிலிருந்து வந்த என் மருமகள், வந்த புதிதில், நம் தெருவில் நாள் முழுக்கச் சண்டை நடக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாமே, துன்னியா" என்று ஒருத்தி கேட்பதே அடிக்க வருகிற மாதிரி கேட்கும், அது விசாரிப்பு என்று அவளுக்கு விளங்க நாளாயிற்று. எங்கள் பிளாக்கில் மீன் விற்கிற ஒரு அக்கா இருக்கிறார், அவர் வாயைத் திறந்தால் நான் பேத்தியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஆனால் போன மாதம் தண்ணி லாரி வந்தபோது நடந்ததைக் கேள். குடம் கூடுதலாகப் பிடித்துவிட்டாள் என்று ஆரம்பித்த பேச்சு, மற்றவளுடைய பெண்ணின் நடத்தை வரைக்கும் போய்விட்டது. புருஷன்மார் இரண்டு பேரும் கீழே இறங்கி வந்துவிட்டார்கள், அதில் ஒருவன் கையில் கட்டை. இந்த அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு நடுவில் வந்து, முதலில் இரண்டு பக்கத்தையும் நான் எழுத முடியாத பாஷையில் திட்டினார். அப்புறம் சொன்னவளைப் பார்த்து, "அந்தப் பொண்ணப் பத்தி சொன்னியே, நீ கண்ணால பாத்தியா?" "இல்ல, சொன்னாங்க." "யாரு?" அவள் ஒரு பெயரைச் சொல்ல, அந்தப் பெண்ணையும் மாடியிலிருந்து இறக்கி, நீ பார்த்தாயா, உனக்கு யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போனார். நாலாவது ஆளோடு பேச்சு நின்றுவிட்டது, பார்த்தவர்கள் என்று யாருமே இல்லை. அக்கா அதற்கு மேல் யாரையும் குத்திக்காட்டவில்லை. அடுத்த முறை லாரி வந்தபோது அந்த இரண்டு பெண்களையும் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைத்து, கடைசிக் குடம் நிறைகிற வரை தானும் கூடவே நின்றார்.

இன்னொரு பக்கம் ஜெபக்குழுவில் ஒருவர் இருக்கிறார், சர்க்கரை மாதிரி பேச்சு, ஸ்தோத்திரம் சொல்லாமல் வாயைத் திறக்க மாட்டார். "வெளியே சொல்லாதீங்க, ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார் என்றால் யார் வீட்டுக் குடும்பமோ தெருவுக்கு வரப்போகிறது என்று அர்த்தம். ஒரு கெட்ட வார்த்தை இருக்காது. இரண்டு வீடுகள் இன்றைக்கு வரை பேசிக்கொள்வதில்லை. நீயே சொல், இரண்டு பேரில் நாவைக் காத்தவர் யார்?

இயேசுவின் சீஷர் பேதுருவை எடுத்துக்கொள். நம் ஆள் அவர். படகுக்காரர்கள் சேர்ந்து கட்டின கோயிலே ராயபுரத்தில் அவர் பெயரில் இருக்கிறது, கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள், ஊர்ப்பெயரே அதிலிருந்துதான் வந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோமே. கலிலேயாக் கடலில் வலை போட்டவர், வாயும் கையும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. இயேசுவைப் பிடிக்க வந்தபோது தோட்டத்தில் பட்டயத்தை உருவி, பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்டினார். அன்று ராத்திரி பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் நின்றவர்கள் "உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது" என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். எருசலேம்காரர்களுக்குக் கலிலேயாப் பேச்சு அப்படிக் காதில் இடித்திருக்கிறது, நாம் தி.நகர் கடையில் வாயைத் திறந்ததும் எந்த ஏரியா என்று அவன் கண்டுபிடிப்பானே, அதேதான். உடனே இவர் இயேசுவை எனக்குத் தெரியாது என்று சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினார். அந்த மனுஷன்தான் பிற்பாடு, "ஜீவனை விரும்பி, நல்ல நாட்களைக் காணவேண்டுமென்றிருக்கிறவன் பொல்லாப்புக்குத் தன் நாவையும், கபடத்துக்குத் தன் உதடுகளையும் விலக்கிக்காத்து" என்று எழுதுகிறார். 34ஆம் சங்கீதத்தில் தாவீது பாடினதைத்தான் எடுத்துச் சொல்கிறார். யாருக்கு எழுதுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா என்று சிதறிக் கிடந்த ஜனம், அக்கம்பக்கத்தார் அவர்களை அக்கிரமக்காரர் என்று தூற்றிக்கொண்டிருந்த நேரம். அவர்களிடம் போய் உதாசனத்துக்கு உதாசனத்தைச் சரிக்கட்டாதே, ஆசீர்வதி என்கிறார். அதற்காக அவருடைய பேச்சுவழக்கே மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, கடைசி வரை கலிலேயாக்காரனாகவேதான் பேசியிருப்பார். அவர் விலக்கச் சொன்னது பொல்லாப்பையும் கபடத்தையும்.

இப்போது நீ பொறுமையாகச் சொன்னதற்கு வருகிறேன். நீயே எழுதியிருக்கிறாய்: "அப்பா உயிரோடு இருந்திருந்தால் உன்னைப் பார்த்து வெட்கப்பட்டிருப்பார் என்று மட்டும்தான் சொன்னேன்." மட்டும்தானா? அவன் பெண்டாட்டி பிள்ளைகள் காதில் விழ, அப்பாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்தவனிடம். அதற்குப் பதில் நீ நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த கிறிஸ்துமஸுக்குள் மறந்திருப்பான்.

கொருக்குப்பேட்டை வீட்டு வாடகையில் உனக்குப் பங்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. கேள். சமாதானம் என்று சொல்லி உன் பாகத்தை எழுதிக்கொடுத்துவிட்டு ஆயுசு முழுக்க உள்ளுக்குள் புழுங்காதே, காயத்தை மேலாகப் பூசிவிட்டுச் சமாதானம் சமாதானம் என்று சொன்னவர்களை எரேமியாவே சாடியிருக்கிறார். ஆனால் கணக்கைக் கேட்பது வேறு, அவன் யோக்கியதையைக் கேட்பது வேறு. பேசித் தீரவில்லை என்றால் மூன்றாவது ஆளை வைத்துக்கொள்ளலாம், ஹைகோர்ட்டிலேயே 2005லிருந்து சமரச மையம் இருக்கிறது, கேஸ் நடத்தி ஒருவரை ஒருவர் நாறடித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று இல்லை.

"அவன்தான் சின்னவன், அவன்தான் முதலில் வரணும்" என்கிறாய். மத்தேயு 5ல், காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்கு, தன் பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்லியிருக்கிறது. 18ல், சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் நீ போய், தனித்திருக்கையில் பேசு என்று இருக்கிறது. தப்பு யார் பக்கம் இருந்தாலும் போகவேண்டிய ஆள் நீதான். நான் எத்தனை தரம் புரட்டிப் பார்த்தும் இதற்கு ஒரு சந்து கிடைக்கவில்லை, கிடைத்தால் எனக்கும் எழுது, எனக்கும் ஒரு மச்சினன் இருக்கிறான்.

எப்படிப் போவது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து பைபிளில் நாபாலின் பெண்டாட்டி அபிகாயிலை மிஞ்ச ஆள் இல்லை. தாவீதின் ஆட்கள் நாபாலிடம் சாப்பாடு கேட்டுப் போனபோது அவன் கொடுக்காததோடு விட்டானா? தாவீது யார், ஈசாயின் குமாரன் யார், எஜமானை விட்டு ஓடிப்போகிற வேலைக்காரர் இந்நாளில் அநேகர் என்று ஒரு பேச்சு. அந்த வார்த்தைக்குத்தான் தாவீது 400 பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். இவள் இருநூறு அப்பம், சமைத்த ஆடு ஐந்து, திராட்சை, அத்தி எல்லாவற்றையும் கழுதையில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போகிறாள். போய்த் தேனாகப் பேசவில்லை, என் புருஷன் புத்திகெட்டவன் என்று பட்டென்று சொல்கிறாள், நாளைக்கு ராஜாவாகும்போது வீணாக ரத்தம் சிந்தின உறுத்தல் உமக்கு இருக்கவேண்டாம் என்று தாவீதிடமும் சொல்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது: வீட்டுக்குத் திரும்பினால் நாபால் விருந்து வைத்துக் குடித்துக் கிடக்கிறான். விடிகிற வரை அவனிடம் ஒன்றுமே சொல்லவில்லை. போதை தெளிந்த பிறகுதான் பேசுகிறாள். உன் தம்பிக்கு நீ போன் போட்டது சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, அவனைப் பற்றி எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா, வருஷக்கணக்காகிவிட்டது என்பாய். நம் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சிஎஸ்ஐ, உருவான கதையை நினைத்துப் பார். 1919ல் தரங்கம்பாடியில் கூடிப் பேச ஆரம்பித்தார்கள், ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், மற்ற சபைகள் எல்லாம் ஒன்றாகி செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆராதனை நடந்தது 1947 செப்டம்பர் 27ல். இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். உன் வீட்டில் பேசவேண்டியது இரண்டே பேர்.

பேதுருவையும் பவுல் ஒரு தரம் அந்தியோகியாவில் முகமுகமாய் எதிர்த்தார், எல்லாருக்கும் முன்பாக. பவுல் கலாத்தியருக்கு எழுதின நிருபத்தில் அது அப்படியே பதிவாகி ஊரெல்லாம் வாசிக்கிறது. பேதுருவின் இரண்டாம் நிருபத்திலோ அதே பவுல் "நமக்குப் பிரியமான சகோதரன்" என்றே வருகிறார், கூடவே அவர் நிருபங்களில் சில காரியங்கள் அறிகிறதற்கு அரிது என்றும் ஒரு வரி. அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உன் தம்பி வீட்டுக்குப் போகிறேன், மெட்ரோவில் போனால் முழங்காலுக்குச் சிரமம் இல்லை. வாடகைக் கணக்கைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன், அது நீங்கள் இரண்டு பேரும் நேரில் பேசவேண்டியது. அப்பாவைப் பற்றி நீ சொன்னதற்கு மட்டும் அவனிடம் என்ன சொல்லவேண்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. உன் வார்த்தையாக இருக்கட்டும், அப்படியே சொல்கிறேன். "அவனும் கொஞ்சம் யோசிக்கணும்" என்று கடைசியில் ஒட்டி எழுதினால் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் படிப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ஓசூரிலிருந்து வருகிற யாரிடமாவது பீன்ஸ் கொஞ்சம் கொடுத்து அனுப்பு, இங்கே வருவது வாடல்தான்.

உன்,
ராயபுரத்தான்