விளம்பரத்தில் நேரத்தையும் போடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை நெருங்கினால் போதும், கொழும்புச் சுற்றுலா விளம்பரங்கள் உங்கள் பத்திரிகையையும் விட்டுவைப்பதில்லை. இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் மறுநாள் முழுவதும் தலைநகரைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பலாமாம். இடங்களின் பட்டியலில் பொய் இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பதை மட்டும் எவரும் அச்சிடுவதில்லை.

எங்கள் ஊர் முதியோர் சங்கம் போன பயணத்தில் தேசிய நூதனசாலைக்குக் கிடைத்தது அரை மணித்தியாலம். புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடைக்கோ இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். ஏற்பாட்டாளருக்கும் கடைக்காரருக்கும் என்ன உடன்பாடோ, நான் அறியேன். சேலை எடுக்க ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போகவேண்டிய நிலையில் யாழ்ப்பாணம் இல்லை.

1877 இல் திறக்கப்பட்ட நூதனசாலை அது. 1815 இல் ஆங்கிலேயர் கொண்டுபோய் 1934 இல் திருப்பித் தந்த கண்டி மன்னரின் சிம்மாசனம் அங்கேதான் இருக்கிறது. பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் படிமமும் இருக்கிறது. எல்லாவற்றிலும் மேலாக, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்த, 1409 ஆம் ஆண்டுக் கல் அது. சீனத்தில் புத்தருக்கும் பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் தமிழில் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. 1911 இல் கண்டெடுத்தபோது ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்ததாம். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அதை எழுத்துக்கூட்டி வாசிக்கக் குனிந்தார். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்துக்கு உச்சிவெயிலில் கொண்டுபோய் இறக்கினார்கள். நடை சாத்தியிருந்தது. மதியத்தில் கோயில் பூட்டியிருக்கும் என்பது யாழ்ப்பாணத்துப் பஸ்காரருக்குத் தெரியாதா? ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த நாடாளுமன்றத்தைத் தியவன்னா ஓயாவுக்கு இப்பால் நின்றாவது பார்த்திருக்கலாம். பஸ் ஜன்னலோடு சரி. சட்டப்படி தலைநகர் அதுதான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவுமில்லை.

தாமரைக் கோபுரத்தைக் குறை சொல்லமாட்டேன். 2022 செப்டெம்பரில் திறந்ததிலிருந்து பேரப்பிள்ளைகள் கேட்பது அதைத்தான். ஏறட்டும், பார்க்கட்டும். ஆனால் அங்கே வரிசையில் போகும் நேரத்தையும் கணக்கில் எடுத்தல்லவா மற்ற இடங்களைத் திட்டமிடவேண்டும்?

பத்து இடங்கள் வேண்டாம், நான்கு போதும். நூதனசாலைக்கு அரைநாள் ஒதுக்குங்கள். தமிழில் விளக்கக்கூடிய ஒருவரையும் எங்களோடு அனுப்புங்கள். அதற்குக் கட்டணத்தில் சிறிது கூட்டினாலும் கொடுக்க ஆள் இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் நேரத்தைப் போடாத சுற்றுலா விளம்பரத்தை ஏற்பதில்லை என்று உங்கள் விளம்பரப் பிரிவு ஒரு விதி வைத்தால், அடுத்த விடுமுறைக்குள் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அதுவரை, முன்பணம் கட்டுகிறவர்கள் பற்றுச்சீட்டின் பின்பக்கத்திலாவது நேர அட்டவணையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகி,
கொக்குவில்